ஜாகுவார் மார்க் 2: 3.8-தான் வேண்டுமா, 3.4 போதுமா?

2.4, 3.4, 3.8 லிட்டர் என்று மூன்று என்ஜின்களில் வந்த பழைய ஜாகுவார் கார் மார்க் 2. அதை வைத்திருப்பவர்கள் இரண்டு பேர் சேர்ந்து நின்றால் ஐந்தே நிமிடத்தில் பேச்சு 3.8-க்கு வந்துவிடும். "மற்றதெல்லாம் தோற்றத்துக்கு, ஓட்டுவதற்கு 3.8" என்பது ஒரு கட்சி. அவர்கள் பக்கம் வலுவான சாட்சிகளும் உண்டு. 1959 அக்டோபரில் லண்டன் ஏர்ல்ஸ் கோர்ட் கண்காட்சியில் அறிமுகமான அந்தக் காருக்கு 220 குதிரைத்திறன், மணிக்கு 125 மைல் வேகம், நின்ற நிலையிலிருந்து 60 மைலைத் தொட எட்டரை வினாடி. அப்போது நான்கு பேர் கால் நீட்டி உட்காரும் ஒரு குடும்பக் காருக்கு இது நம்ப முடியாத கணக்கு. பெர்னார் கொன்ஸ்தான் 1960 முதல் 1963 வரை தொடர்ந்து நான்கு ஆண்டுகள் டூர் தெ பிரான்ஸ் கார் பந்தயத்தின் சலூன் (மூடிய குடும்பக் கார்) பிரிவை வென்றது 3.8-ஐ ஓட்டித்தான்.

இருந்தும், பத்துப் பதினைந்து ஆண்டு வைத்து ஓட்டப்போகிறவருக்கு என் சிபாரிசு ஓவர்டிரைவ் (வேகமாகப் போகும்போது என்ஜின் சுற்றைக் குறைக்கும் கூடுதல் கியர்) உள்ள 3.4. அதற்கும் முன்னால் ஒரு நிபந்தனை இருக்கிறது: நல்ல உடல் உள்ள கார் எதுவோ, அதுவே சரியான கார். துருப்பிடித்த 3.8-ஐவிடத் தகரம் உறுதியாக உள்ள 2.4 எவ்வளவோ மேல்.

முதலில் என்ஜின் கணக்கைப் பார்த்துவிடலாம். மூன்றுமே எக்ஸ்கே குடும்பத்து ஆறு சிலிண்டர், இரட்டை கேம்ஷாஃப்ட் என்ஜின்கள். 3.4-க்கும் 3.8-க்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் நகரும் தூரம்) ஒன்றே, 106 மில்லிமீட்டர். போர் (சிலிண்டரின் உள்விட்டம்) மட்டும் 83-லிருந்து 87 ஆகிறது. சிலிண்டர்கள் நெருங்கிவிட்டதால் 3.8 பிளாக்கில் லைனர் என்ற உள்குழாய் போட வேண்டியிருந்தது. பழைய 3.8 பிளாக்கைப் பிரிக்கும்போது இரண்டு சிலிண்டர்களுக்கு நடுவில் விரிசல் இருக்கிறதா என்று தேடுவதும் இந்த நெருக்கத்தால்தான். 3.4-இல் அங்கே இரும்பு தாராளமாக இருக்கிறது. குதிரைத்திறனில் வித்தியாசம் வெறும் 10. டார்க்கில்தான் (சுழற்றும் விசையில்தான்) உண்மையான இடைவெளி: 3.4-க்கு 216, 3.8-க்கு 240 பவுண்டு-அடி. மேட்டில் கியர் மாற்றாமல் இழுக்கும்போது இது தெரியும். சமதளத்தில் 70 மைல் வேகத்தில் போகும்போது கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் எது எது என்று சொல்வது கடினம். 3.8-க்கு இன்னொரு நியாயமான பெருமை, பவர்-லாக் வழுக்குத் தடுப்பு டிஃபரன்ஷியல் அதில் கூடவே வந்தது. அதற்கு அந்த வகை டிஃபரன்ஷியலுக்கான ஆயிலைத்தான் ஊற்ற வேண்டும். சாதாரண கியர் ஆயிலை ஊற்றினால் திருப்பத்தில் பின்பக்கம் கடகடவென்று அதிரும்.

2.4-ஐ மட்டம் தட்டுவது பழக்கமாகிவிட்டது. 120 குதிரைத்திறன், இரண்டு சோலெக்ஸ் கார்புரேட்டர்; 100 மைலைத் தொட முடியாது என்பது உண்மைதான். ஆனால் ஸ்ட்ரோக் 76.5 மில்லிமீட்டர் மட்டுமே என்பதால் பிளாக் குட்டை, எடையும் குறைவு. அதனால் மூக்கு இலேசாகி, பவர் ஸ்டியரிங் இல்லாத காரிலும் கை வலிக்காது. வேகமும் வேண்டும் என்றால் 1967-இல் வந்த 240-ஐப் பாருங்கள்: எஸ்யூ கார்புரேட்டர், மேம்பட்ட ஹெட், 133 குதிரைத்திறன். இதே உடலில் எட்வர்ட் டர்னர் வடிவமைத்த இரண்டரை லிட்டர் வி8 என்ஜினை வைத்து டெய்ம்லர் பெயரில் விற்றதும் அருமையான கார். முன்பக்க எடை அதிலும் குறைவு, பட்டுப்போல் ஓடும். பெயர்ப்பலகையைப் பார்த்து அதை ஒதுக்குபவர்கள் இழப்பது அதிகம்.

இனி உடல். மார்க் 2-க்குத் தனி சேஸ் கிடையாது, தகரமே எலும்பு. இங்கிலாந்தின் குளிர்காலச் சாலைகளில் தூவும் உப்பு அறுபது ஆண்டாக இந்தப் பெட்டிப் பகுதிகளுக்குள் ஊறியிருக்கிறது. 2018 மே முதல் நாற்பது வயது கடந்த, பெரிதாக மாற்றப்படாத கார்களுக்கு அங்கே ஆண்டுப் பரிசோதனை கட்டாயம் இல்லை. எனவே அடியில் ஓட்டை இருப்பதை யாருமே பார்க்காமல் விற்பனைக்கு வரும் கார்கள் உண்டு. வாங்குமுன் லிஃப்டில் ஏற்றாமல் பணம் பேசாதீர்கள்.

எங்கே பார்ப்பது? கிரில்லுக்குக் கீழே உள்ள முன் குறுக்குச் சட்டமும், ஆர்வலர்கள் காக்கைக் கால் என்று அழைக்கும் அதன் தாங்கிகளும் முதலில். அடுத்து கதவுக்குக் கீழே ஓடும் சில். இதுதான் காரைத் தாங்கும் முதுகெலும்பு. ஜாக் துளையில் ஜாக்கைப் போட்டுத் தூக்கும்போது கதவு இடைவெளி மாறினாலோ, கதவு திறக்க முரண்டினாலோ உள்சில் போய்விட்டது என்று அர்த்தம். பின்னால், பட்டை ஸ்பிரிங்கின் முன்பகுதியைப் பிடித்திருக்கும் பெட்டியையும், பின் ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடிக்கும் பான்ஹார்ட் கம்பி உடலோடு சேரும் தாங்கியையும் பாருங்கள். அந்தத் தாங்கி கிழிந்தால் பின் ஆக்சில் பக்கவாட்டில் நடனமாடும். வளைவில் கார் நேரம் கழித்துத் திரும்புவதுபோல் தோன்றும். பிறகு ஸ்டெப்னி பள்ளம், கதவின் அடி விளிம்பு, முன் ஃபெண்டரின் பின்பாதி, பின் சக்கரத்தை மூடும் மறைப்பு. ஒரு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி எல்லா இடத்திலும் ஓட்டினால் பட்டி பூசிய இடம் தெரிந்துவிடும்.

சில் மாற்றும் வேலையில் செய்யப்படும் மிகப் பெரிய தவறு, கதவுகளைக் கழற்றிவிட்டு இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில் வெட்டுவது. உடல் நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் சேராது. கதவு வாசலுக்குக் குறுக்கே கம்பி வெல்ட் செய்து, காரின் எடை சக்கரங்களில் இருக்கும் நிலையிலோ சமமான தாங்கிகளிலோ வைத்து, ஒரு பக்கத்தை முடித்துக் கதவை மாட்டிப் பார்த்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். என்ஜினை முழுதாகப் பிரித்துக் கட்டும் செலவை உடல் வேலைச் செலவு எளிதாகத் தாண்டிவிடும் என்பதால்தான் 3.4, 3.8 சண்டையை இரண்டாம் இடத்தில் வைக்கிறேன்.

முன் சஸ்பென்ஷன் ஒரு தனி சப்ஃப்ரேமில் (துணைச் சட்டகத்தில்) இருக்கிறது. அதை உடலோடு இணைப்பது ரப்பர். முன்பக்கத்து வி வடிவ ரப்பர்கள் பிளந்தால் பிரேக் பிடிக்கும்போது 'டொக்' என்று சத்தம் வரும், நேர்ச்சாலையில் ஸ்டியரிங் அலையும். பலர் ஸ்டியரிங் பெட்டியைக் குறை சொல்லி அதைப் பிரிக்கிறார்கள்; முதலில் இந்த ரப்பர்களை மாற்றிப் பாருங்கள். டயர் 185 அளவு 15 இன்ச் ரேடியல் போதும். அதைவிட அகலமாகப் போட்டால் பர்மன் ஸ்டியரிங் பெட்டி வண்டியை நிறுத்தும் இடத்தில் கல்லாகிவிடும்.

கியர்பாக்ஸ் பற்றிய சண்டை என்ஜின் சண்டையைவிடச் சூடானது. 1965 செப்டம்பர் வரை வந்த, மாஸ் (Moss) என்று அழைக்கப்படும் பாக்ஸில் முதல் கியருக்கு சின்க்ரோ (பற்கள் மோதாமல் வேகத்தைச் சமப்படுத்தும் அமைப்பு) இல்லை, இரண்டாவதின் சின்க்ரோவும் மெதுவானது. வண்டி முழுவதும் நின்ற பிறகே முதல் கியர். கீழிறங்கும்போது இரட்டை கிளட்ச் மிதித்து, நடுவில் ஆக்சிலரேட்டரை ஒரு தட்டுத் தட்ட வேண்டும். அவசரப்பட்டால் பற்கள் போகும், உதிரிபாகமும் எளிதில் கிடைக்காது. முதல் கியரில் கேட்கும் ஊளைச் சத்தம் அந்தப் பாக்ஸின் இயல்பு, பழுது அல்ல. 1965-க்குப் பிந்தைய முழு சின்க்ரோ பாக்ஸ் எல்லா வகையிலும் மேல். போர்க்-வார்னர் டி5 ஐந்து கியர் பாக்ஸை வைப்பதும் சாதாரணம். மூல பாகத்தைக் கழற்றிப் பத்திரப்படுத்தினால் அதில் குற்றம் இல்லை.

ஓவர்டிரைவ் ஏன் முக்கியம்? லேகாக் ஓவர்டிரைவ் டாப் கியரில் மட்டும் வேலை செய்து, விகிதத்தை 0.778 ஆகக் குறைக்கிறது. ஓவர்டிரைவ் உள்ள 3.4, 3.8 கார்களுக்கு ஆக்சில் விகிதம் 3.77, ஓவர்டிரைவ் இல்லாதவற்றுக்கு 3.54. 70 மைல் வேகத்தில் ஓவர்டிரைவ் போட்டால் என்ஜின் ஏறக்குறைய 2,700 சுற்றில் ஓடும்; போடாவிட்டால் 3,400-ஐ நெருங்கும். பெட்ரோல் குடிப்பதிலும் இது தெரியும். 3.8 சாதாரணமாக கேலனுக்கு 16 மைல், அதாவது லிட்டருக்கு ஐந்தரை கிலோமீட்டர் சுமார். டேங்கோ 12 கேலன்தான். 300 கிலோமீட்டருக்கு ஒருமுறை பங்க் தேட வேண்டியிருக்கும்.

எக்ஸ்கே என்ஜின் நன்றாகக் கவனித்தால் நீடித்து உழைக்கும். கவனம் எங்கே வேண்டும் என்பதுதான் விஷயம். இரும்பு பிளாக்கின் தண்ணீர்ப் பாதையில் பின்பக்கம் சேறு படியும். ரேடியேட்டரை மட்டும் மாற்றிவிட்டு "இன்னும் சூடாகிறதே" என்று புலம்புவதைவிட, பிளாக்கின் பக்கவாட்டில் உள்ள கோர் பிளக் என்ற உலோக மூடிகளைக் கழற்றி, கம்பியால் கிளறி, தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்வது பலன் தரும். தெர்மோஸ்டாட்டும், ரேடியேட்டரைத் தவிர்த்துத் தண்ணீர் சுற்றும் பைபாஸ் பாதையை மூடும் வகையாக இருக்க வேண்டும். தப்பான வகையைப் போட்டால் சூடான தண்ணீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலே சுற்றிச் சுற்றி வரும்.

இன்னொரு கள்வன், குளிர் நேரத்தில் தானாகப் பெட்ரோலைக் கூட்டும் ஸ்டார்ட்டிங் கார்புரேட்டர். தண்ணீர் சூடானதும் விலக வேண்டியது, சுவிட்ச் பழுதானால் விலகாது. 'உஸ்' என்ற சத்தம் நிற்காமல் கேட்கும், பிளக் கறுக்கும், பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து ஆயிலை நீர்க்கச் செய்யும். டாஷ்போர்டில் ஒரு கைச் சுவிட்ச் வைத்துக்கொண்டால் தொல்லை தீர்ந்தது.

வால்வ் இடைவெளி இன்லெட்டுக்கு 0.004, எக்ஸாஸ்ட்டுக்கு 0.006 இன்ச். ஸ்க்ரூ கிடையாது, வால்வின் மேல் உள்ள பக்கெட் எனும் குவளைக்கு அடியில் இருக்கும் ஷிம் என்ற மெல்லிய தகட்டை மாற்ற வேண்டும். எனவே முதலில் பன்னிரண்டையும் அளந்து குறித்துக்கொண்டு, பிறகே கேம்ஷாஃப்ட்டைக் கழற்றுங்கள். செயினிலிருந்து விடுபட்ட கேம்ஷாஃப்ட்டைச் சுழற்றினால் வால்வும் வால்வும் மோதி வளையும். ஹெட் நட்டுகளுக்கு இறுக்கம் 54 பவுண்டு-அடி. புதிய மெக்கானிக்குகள் விழும் குழி ஒன்று உண்டு: ஜாகுவாரில் ஒன்றாம் சிலிண்டர் பின்னால், கிளட்ச் பக்கம். சுடும் வரிசை 1-5-3-6-2-4. முன்னாலிருந்து எண்ணிக் கம்பி மாட்டினால் என்ஜின் ஒழுங்காக ஓடாது.

முன்பக்கம் செயின் சத்தம் வந்தால் மேல் செயினா, கீழ்ச் செயினா என்று கேட்டறியுங்கள். மேல் செயினை வெளியிலிருந்தே ஒழுங்குபடுத்தலாம். கீழ்ச் செயின் என்றால் முன்பக்கம் முழுவதையும் பிரிக்க வேண்டும். சூடான நிலையில் 3,000 சுற்றில் 40 பிஎஸ்ஐ ஆயில் அழுத்தம் இருந்தால் நல்ல என்ஜின். டாஷ்போர்டு மீட்டர் குறைவாகக் காட்டினால் பயப்படுமுன் மெக்கானிக்கல் கேஜ் மாட்டிப் பாருங்கள், ஏனென்றால் அந்த எலெக்ட்ரிக் சென்டர் அடிக்கடி பொய் சொல்லும். ஆயில் 20டபிள்யூ50, மூவாயிரம் மைலுக்கு ஒருமுறை. ஃபில்டர் மாற்றும்போது பழைய வளையம் பள்ளத்திலேயே ஒட்டியிருக்கும். அதன்மேல் புதியதை வைத்தால் ஆயில் பீய்ச்சி அடிக்கும். பிரிட்டனில் 2021 செப்டம்பர் முதல் சாதாரண பெட்ரோல் இ10 (பத்து சதவீதம் வரை எத்தனால் கலந்தது) ஆகிவிட்டது. இந்தக் காருக்கு எத்தனால் ஐந்து சதவீதத்தைத் தாண்டாத இ5 போடுங்கள், ரப்பர் ஹோஸ்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றிவிடுங்கள்.

பிரேக் நான்கு சக்கரத்திலும் டன்லப் டிஸ்க். ஒன்றரை டன் காரை இன்றும் நன்றாகவே நிறுத்தும். ஓட்டாமல் நிறுத்திவைத்தால் பிஸ்டன்கள் துருப்பிடித்து இறுகும். ஸ்டெயின்லெஸ் பிஸ்டன், சிலிண்டர் போட்டால் அந்தக் கவலை போகும். வெளியே எங்கும் கசிவு இல்லாமல் பிரேக் ஆயில் குறைந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை வந்தால், என்ஜின் வெற்றிடத்தால் பிரேக்குக்கு உதவும் சர்வோவின் சீல் போய்விட்டது: என்ஜின் வெற்றிடம் ஆயிலை உறிஞ்சி எரிக்கிறது. அன்றே காரை நிறுத்துங்கள். ஹேண்ட்பிரேக் எப்போதுமே பலவீனம். மேட்டில் கியர் போட்டே நிறுத்துங்கள்.

கரண்ட் வேலையில் டைனமோவை ஆல்டர்னேட்டராக மாற்றுவது பலர் செய்வது, நல்லதும்கூட. இரண்டு விஷயத்தை மறக்க வேண்டாம். பவர் ஸ்டியரிங் உள்ள காரில் அதன் பம்ப் டைனமோவின் பின்முனையில்தான் சுழல்கிறது. அதனால் பின்பக்கம் ஷாஃப்ட் நீண்ட தனி வகை ஆல்டர்னேட்டர் வேண்டும், இல்லையென்றால் பம்புக்கு வேறு இடம் பார்க்க வேண்டும். இரண்டாவது, மூல வயரிங்கில் உடலோடு இணைவது பாசிட்டிவ். அதை நெகட்டிவாக மாற்றும்போது காயில் கம்பிகளையும் அம்மீட்டர் கம்பிகளையும் இடம் மாற்றுங்கள். ஆர்பிஎம் மீட்டர் தப்பித்துவிடும், ஏனென்றால் கேம்ஷாஃப்ட்டின் பின்முனையில் உள்ள சிறு ஏசி ஜெனரேட்டர்தான் அதை ஓட்டுகிறது. அந்த மீட்டரின் அடியில் இருக்கும் குட்டிக் கடிகாரத்தின் கம்பியை மட்டும் பேட்டரியை மாட்டுமுன் கழற்றிவிடுங்கள்.