என் மழைக்கு நானே திருடன் ஆன கதை

தனி ஆளாக ஆம்பியன்ட் இசைப் படங்கள் செய்கிறேன். மூடுபனி, அசையாத கேமரா, அடியில் மெல்ல ஊரும் இசை. கடைசியாகச் செய்த 52 நிமிடப் படத்துக்கு ஏழு மாதம் பிடித்தது. அதில் கேட்கும் மழை முழுக்க ராத்திரி ராத்திரியாக மைக்கோடு உட்கார்ந்து நானே பதிவு செய்தது.

அதன் இசையை எல்லா ஸ்ட்ரீமிங் தளங்களிலும் ஏற்றித் தருவதாக ஒரு விநியோக நிறுவனம் வந்தது. 'உங்கள் இசையை யாரும் திருடாமல் பார்த்துக்கொள்வோம்' என்றார்கள். ஒப்பந்தத்தில் கன்டென்ட் ஐடி என்று ஒரு வரி இருந்தது. பதிந்து வைத்த இசை வேறு வீடியோவில் கேட்டால் தானாகக் கண்டுபிடித்து உரிமை கோரும் யூடியூப் ஏற்பாடு அது. பாதுகாப்புதானே என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

படத்தை யூடியூபில் ஏற்றிய மறுநாளே அதன்மேல் உரிமைகோரல். கோரியது அதே நிறுவனம். விளம்பர வருமானம் அவர்களுக்குப் போகுமாம். கேட்டால், "சிஸ்டம் தானாகச் செய்வது சார், உங்கள் சேனலுக்கு விலக்குக் கொடுத்துவிடுகிறோம்" என்றார்கள். நம்பி 11 நாள் காத்திருந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன். 5 நாளுக்குள் மறுப்புத் தெரிவித்தால் முதல் நாளிலிருந்தே வருமானத்தை யூடியூப் யாருக்கும் தராமல் நிறுத்திவைக்கும். தாமதித்தால், மறுப்புத் தெரிவித்த நாளிலிருந்துதான்.

அதுகூடப் பரவாயில்லை. படத்தில் ஒரு டிரோனை, அதாவது சுருதிபோல் நீண்டு ஒலிக்கும் ஒலியை, சாம்பிள் பேக் எனப்படும் ஆயத்த ஒலித் தொகுப்பிலிருந்து எடுத்திருந்தேன். முறையாக வாங்கியதுதான், ஆனால் யார் வேண்டுமானாலும் வாங்கலாம். அப்படிப்பட்ட ஒலி தனித்துக் கேட்கிற இசையைக் கன்டென்ட் ஐடியில் பதியவே கூடாது. நிறுவனம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, எனக்கும் சொல்லத் தோன்றவில்லை. விளைவு, அதே டிரோனைப் பயன்படுத்திய மூன்று இசைக் கலைஞர்களின் வீடியோக்கள்மேல் என் பாட்டின் பெயரில் உரிமைகோரல். "திருட்டுப் பயலே" என்று ஒருவர் எழுதியிருந்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

என் படத்துக்காக நான் தாமதமாகப் போட்ட மறுப்புக்குப் பதில் சொல்ல நிறுவனத்துக்கு 30 நாள் உண்டு. சொல்லவே இல்லை, உரிமைகோரல் தானாகக் காலாவதியானது. சாம்பிள் பேக் கலந்த இசை என்றால் கன்டென்ட் ஐடியே வேண்டாம் என்று முதலிலேயே எழுத்தில் சொல்லிவிடுங்கள். ப்ராஜெக்ட் கோப்பையும் கச்சா ஒலிப்பதிவையும் அழிக்காதீர்கள், இசை உங்களுடையது என்பதற்கு அவைதான் சாட்சி.

அந்த மூவருக்கும் சாம்பிள் பேக் வாங்கிய ரசீதோடு மன்னிப்புக் கேட்டு எழுதினேன். இரண்டு பேர் மறுப்புப் போட்டு மீண்டுவிட்டார்கள். திட்டியவர் வெறுத்துப்போய்த் தன் வீடியோவையே எடுத்துவிட்டார். நல்ல படம் அது.