அரசியல் பொருளாதாரப் பாடத்துக்கு மார்க்சிஸ்ட்ஸ் இன்டர்நெட் ஆர்கைவ் எவ்வளவு உதவும்?

இளங்கலை அரசியல் பொருளாதாரத்தின் செவ்வியல் பகுதியை நடத்த, மார்க்சிய நூல்களையும் அவற்றோடு தொடர்புள்ள நூல்களையும் தொகுத்து வைத்திருக்கும் இந்த இணையத்தளம் ஒன்றே போதும். ஆடம் ஸ்மித்தின் 'நாடுகளின் செல்வம்' (1776), டேவிட் ரிகார்டோவின் 'அரசியல் பொருளாதாரம், வரிவிதிப்புக் கோட்பாடுகள்' (1817), கார்ல் மார்க்ஸின் 'மூலதனம்' (1867) மூன்றையும் காசில்லாமல், கணக்குத் தொடங்காமல் படிக்கலாம். ஆனால் ஆசிரியர் கொஞ்சம் உழைக்காமல் இதை வைத்துத் தேர்வு நடத்த முடியாது.

முதல் சிக்கல் பக்க எண். இணையப் பக்கத்தில் அது கிடையாது. 'மூலதனம்' பிடிஎஃப்பில் உண்டு, ஆனால் அச்சுப் புத்தகத்தோடு ஒத்துப்போகாது. விடைத்தாளில் ஆளுக்கொரு எண் வரும், திருத்துபவர் தேடிக்கொண்டே இருப்பார். அந்தந்த வாரப் பகுதியைத் தனிக் கோப்பாக எடுத்து, பத்திகளுக்கு 1, 2, 3 என்று எண் போட்டுக் கொடுத்துவிடுங்கள். வினாத்தாளிலும் அதே எண்தான் வர வேண்டும். ஸ்மித்துக்கு மட்டும் எகான்லிப் (Econlib) என்ற பொருளாதார நூல் தளம் மேல், அங்கே பத்தி எண் ஏற்கெனவே இருக்கிறது.

இதைவிடப் பெரிய குழப்பம் 'மூலதனம்' முதல் தொகுதியின் அத்தியாய எண். தளத்தில் இருப்பது 1887 மூர்–ஏவ்லிங் ஆங்கில மொழிபெயர்ப்பு, 33 அத்தியாயங்கள். பரவலாகப் புழங்கும் ஜெர்மன் பதிப்பில் 25தான். ஜெர்மனின் 4-ஆம் அத்தியாயம் ஆங்கிலத்தில் மூன்றாகவும், 24-ஆம் அத்தியாயம் ஏழாகவும் பிரிந்தன. அதனால் 'வேலைநாள்' என்ற அத்தியாயம் ஆங்கிலத்தில் 10, ஜெர்மனில் 8. ஜெர்மன் அத்தியாய எண்களைப் பின்பற்றும் மொழிபெயர்ப்பை வைத்திருக்கும் மாணவர் வேறு அத்தியாயத்தைப் படித்துவிட்டு வந்து உட்காருவார். பட்டியலில் எண்ணோடு தலைப்பையும் எழுதுங்கள்.

மார்க்ஸின் 'கூலியுழைப்பும் மூலதனமும்' நூலிலும் கவனம் வேண்டும். 1849-இல் வந்ததை 1891-இல் மார்க்ஸின் தோழர் எங்கெல்ஸ் திருத்தி, 'உழைப்பு' விற்கப்படுகிறது என்ற இடங்களில் 'உழைப்புச் சக்தி', அதாவது உழைக்கும் திறன், என்று மாற்றினார். தளத்தில் இருப்பது திருத்திய வடிவம். ஏன் மாற்றினேன் என்று அவரே முன்னுரையில் விளக்குகிறார். அந்த முன்னுரையைக் கட்டாய வாசிப்பாக்கினால் உபரி மதிப்பு (தொழிலாளி தன் கூலிக்கு மேல் உருவாக்கி, முதலாளிக்குப் போகும் மதிப்பு) பாதி புரிந்துவிடும். நல்ல பத்து மதிப்பெண் கேள்வியும் அதிலேயே கிடைக்கிறது.

வரிசையைப் பொறுத்தவரை, 'மூலதனம்' முதல் அத்தியாயத்தில் தொடங்காதீர்கள். பாதி வகுப்பு அங்கேயே நின்றுவிடும். 1865 உரையான 'கூலி, விலை, லாபம்', அடுத்து வேலைநாள், அதன்பின் முதல் அத்தியாயம் என்று போனால் கருத்துகள் பிடிபடும். ஸ்மித்தில், வேலைப் பிரிவினையின் நன்மையைச் சொல்லும் முதல் புத்தகத்தின் முதல் மூன்று அத்தியாயங்களோடு நிறுத்துவது பெரும் தவறு. ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்பவரின் அறிவு மழுங்குகிறது என்று அவரே ஐந்தாம் புத்தகத்தில் எழுதும் பகுதியையும் சேர்த்தால்தான் ஒப்பீட்டுக் கேள்வி கேட்க முடியும்.

ரிகார்டோவின் 7-ஆம் அத்தியாயத்தில், குறிப்பிட்ட அளவு பொருளைச் செய்ய ஓராண்டுக்குத் தேவைப்படும் ஆள் கணக்கு வருகிறது: போர்ச்சுகலில் ஒயினுக்கு 80 ஆள், துணிக்கு 90. இங்கிலாந்தில் ஒயினுக்கு 120, துணிக்கு 100. இதே எண்களைத் தேர்வில் கொடுத்தால் மனப்பாடம்தான் திரும்பி வரும். இங்கிலாந்தின் துணிக்கு 100-ஐ 135 ஆக்குங்கள். இரு நாட்டிலும் ஒயின்–துணி விகிதம் 8:9 ஆகி, வணிகத்தால் வரும் ஆதாயம் மறைகிறது. காரணத்தை எழுதுபவருக்குத்தான் ஒப்பீட்டு அனுகூலம் (ஒவ்வொரு நாடும் தனக்கு ஒப்பீட்டளவில் மலிவாக வருவதைச் செய்து பரிமாறினால் இரண்டுக்கும் ஆதாயம் என்ற கருத்து) புரிந்திருக்கிறது.

பழைய பாடத்திட்டத்தின் இணைப்புகளை நம்ப வேண்டாம். லாரன்ஸ் அண்ட் விஷார்ட் பதிப்பகம் கேட்டுக்கொண்டதால் 2014-இல் மார்க்ஸ்–எங்கெல்ஸ் நூற்றொகுப்பின் மொழிபெயர்ப்புகள் இங்கிருந்து நீக்கப்பட்டன. பருவம் தொடங்கும் முன் ஒவ்வொரு இணைப்பையும் சொடுக்கிப் பார்த்து, தேர்வுக்கு உரியதைத் தரவிறக்கி வையுங்கள்.