கார்த்தேஜுக்கு 40 நிமிடம், கம்பளக் கடைக்கு ஒன்றேகால் மணி நேரம்

துனிசியா போகத் திட்டமிருப்பவர்கள், அதுவும் வயதான அப்பா அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள், இதைப் படித்துவிட்டுப் போங்கள். எங்களுக்குப் பெரிய தொகை ஒன்றும் போய்விடவில்லை. போனது ஒரு நாள்தான். ஆனால் அந்த ஒரு நாளுக்காகத்தான் அவ்வளவு தூரம் போனதே.

அப்பா ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர். கார்த்தேஜ் தளபதி ஹன்னிபல் யானைகளோடு ஆல்ப்ஸ் மலையைத் தாண்டிய கதையை வருடா வருடம் கரும்பலகையில் யானை வரைந்து நடத்தியவர். நான் தோஹாவில் வேலை பார்க்கிறேன். என்னோடு இருக்க வந்தவரிடம் "எங்கேப்பா போகலாம்?" என்று கேட்டேன். துபாய் என்பார் என்று நினைத்தேன். "கார்த்தேஜ்" என்றார்.

கார்த்தேஜ் இடிபாடுகள் இருப்பது துனிசியத் தலைநகர் துனிஸை ஒட்டி. அதனால் துனிஸில் மூன்று இரவு. நடுவில் ஒரு நாளுக்குத் தனி கார், தனி வழிகாட்டி என்று ஒரு செயலியில் பதிவு செய்தேன். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. இதே மாதிரி விளம்பரங்கள் நிறைய இருக்கின்றன, பெயர் மாறும், சரக்கு ஒன்றுதான். மதீனா (துனிஸின் பழைய நகரப் பகுதி), பார்தோ அருங்காட்சியகம், கார்த்தேஜ், சிதி பூ சைத் என்ற கடலோர ஊர், நான்கும் ஒரே நாளில், ஆங்கிலம் பேசும் வழிகாட்டி, நுழைவுக் கட்டணம் உள்பட, இருவருக்கு 130 யூரோ. பாதி முன்பணம், மீதி கையில் ரொக்கமாக. விமர்சனங்களைப் பார்த்தேன், எல்லாம் ஐந்து நட்சத்திரம். அந்த நட்சத்திரங்களைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒன்பது மணிக்கு வரவேண்டிய வழிகாட்டி ஒன்பது ஐம்பதுக்கு வந்தார். போக்குவரத்தாம். வண்டியில் ஏறியதும் அப்பா முதலில் கேட்டது பார்தோவைப் பற்றித்தான். உலகத்திலேயே பெரிய ரோமானிய மொசைக் தொகுப்புகளில் ஒன்று அங்கே இருக்கிறது. கவிஞர் வர்ஜில் இரண்டு கலைத் தேவதைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் மொசைக்கை எத்தனையோ புத்தகங்களில் பார்த்திருப்போம், அதுவும் அங்கேதான். "பார்தோ இன்றைக்கு மூடல், திங்கட்கிழமை" என்றார் அவர், கண்ணாடியில் தலைமுடியைச் சரிசெய்துகொண்டே.

திங்கட்கிழமை என்று தெரிந்துதானே முன்பதிவு வாங்கினீர்கள் என்றேன். தோளைக் குலுக்கினார். திங்களன்று பார்தோவுக்கு விடுமுறை என்பது ஊருக்கே தெரியும். எனக்குத் தெரியாமல் போனது என் தப்பு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தெரிந்தே அந்தத் தேதிக்குப் பணம் வாங்குவதற்குப் பெயர் வேறு.

பார்தோ இல்லாததால் "மதீனாவில் கூடுதல் நேரம் தருகிறேன்" என்றார், ஏதோ தன் கையிலிருந்து தருவது மாதிரி. கடல்வாசலில் இறங்கி, ஜைத்தூனா மசூதிக்குப் போகும் சந்தில் நடந்தோம். அந்த மசூதியின் தூண்களில் பல கார்த்தேஜ் இடிபாடுகளிலிருந்து கொண்டுவந்தவை. அப்பாவுக்கு அதைப் பார்க்கவேண்டும். முற்றம் வரைக்குமாவது வெளியாட்கள் போகலாம், அதுவும் காலையில்தான். ஆனால் மசூதிக்குப் பத்தடி முன்னால் ஒரு கதவுக்குள் எங்களைத் திருப்பிவிட்டார். "மொட்டை மாடியிலிருந்து மினாரா நன்றாகத் தெரியும். இலவசம். அதோடு இன்றைக்கு பெர்பெர் பெண்களின் கம்பளக் கண்காட்சிக்குக் கடைசி நாள், அரசாங்கம் நடத்துவது."

மாடி அழகுதான், பொய் சொல்லக்கூடாது. பழைய ஓடுகள் பதித்த வளைவுகள், பின்னால் மினாரா. இரண்டு படம் எடுத்துவிட்டு இறங்கினோம். ஏறிய படி வேறு, இறங்கிய படி வேறு. இறங்கும் படி நேராகக் கம்பள அறைக்குள் கொண்டுபோய் விட்டது. உட்காரச் சொல்லி, பைன் பருப்பு மிதக்கும் புதினாத் தேநீர் வந்தது. "இந்தியா! அமிதாப் பச்சன்!" என்று ஒருவர் அப்பாவின் கையைப் பிடித்தார். அப்பா தேநீரைக் கையில் வாங்கிவிட்டார். அதோடு நாங்கள் மாட்டிக்கொண்டோம்.

இரண்டு பையன்கள் கம்பளச் சுருளைத் தோளில் தூக்கிவந்து ஒரே உதறில் விரிப்பார்கள். ஒன்றின்மேல் ஒன்றாகப் பதினைந்து, இருபது. ஒருவர் லைட்டரைக் கொளுத்தி நூலருகில் காட்டினார், சுத்தக் கம்பளியாம், எரியாதாம். 1,800 தினார் என்று ஆரம்பித்தது. வேண்டாம் என்றால் விலை இறங்கும், கூடவே முகமும் இறங்கும். "எத்தனை தினார் வைத்திருக்கிறீர்கள்? நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாதே, வைத்து என்ன செய்வீர்கள்?" என்று கேட்டார் பாருங்கள், அங்கேதான் அப்பா அசந்துபோனார். அது உண்மையும்கூட. துனிசிய தினாரை வெளியே எடுத்துப்போக அனுமதியில்லை. உண்மையை இப்படிக் கொஞ்சம் கலந்து விற்றால் எதுவும் போகும்.

எங்கள் வழிகாட்டி எங்கே? வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து கைபேசி பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை எழுந்து போய், போகலாம் என்றேன். "உங்கள் தந்தை ரசிக்கிறார், விடுங்கள்."

அப்பா ரசிக்கவில்லை. எழுந்திருக்கக் கூச்சப்பட்டார். தேநீர் குடித்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எப்படிப் போவது என்பது அவர் தலைமுறையின் சங்கடம். கடைசியில் கதவுமிதியடி அளவில் ஒரு சின்ன கம்பளத்தை 380 தினாருக்கு, அதாவது நூறு யூரோவுக்கு மேல், எடுத்தோம். நல்ல துனிசியக் கம்பளத்தின் பின்னால் அரசு கைவினைத் துறையின் முத்திரையும், தரமும் முடிச்சுக் கணக்கும் எழுதிய சீட்டும் இருக்கும் என்று விடுதியில்தான் சொன்னார்கள். எங்களுடையதைத் திருப்பிப் பார்த்தோம். நூல்தான் இருந்தது.

வெளியே வந்தபோது ஜைத்தூனாவில் பார்வையாளர் நேரம் முடிந்திருந்தது. கடையில் மட்டும் ஒன்றேகால் மணி நேரம். அப்புறம் சாப்பாடு, அவர் காட்டிய உணவகத்தில், கடல் தெரியும் என்பதற்காக இரண்டு மடங்கு விலை. அதை விடுங்கள்.

கார்த்தேஜ் போய்ச் சேர்ந்தபோது மணி இரண்டரை. நுழைவுக்கு ஆளுக்கு 40 தினார் கொடுங்கள் என்றார். உள்பட என்றுதானே போட்டிருந்தது? "அது ஓரிடத்துக்கு மட்டும்." கொடுத்தோம். அவரே போய் வாங்கிவந்து, சீட்டைக் கையில் தராமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார்.

பிர்சா மேட்டில் கால்மணி நேரம். அந்த உச்சியில் ஒரு பெரிய தேவாலயக் கட்டடம் நிற்கிறது. 1270-இல் சிலுவைப் போருக்கு வந்து துனிஸில் இறந்துபோன பிரெஞ்சு மன்னர் ஒன்பதாம் லூயியின் நினைவாக, பிரெஞ்சு ஆட்சியின்போது 1890-இல் கட்டி முடித்தது. நம் ஆள் அதைக் காட்டி "ஹன்னிபல் அரண்மனை" என்றார். அப்பா முதலில் கேலி என்று நினைத்துச் சிரித்தார். "யானைகள் இங்கிருந்துதான் புறப்பட்டன" என்று அவர் தொடர்ந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. கி.மு. 218-இல் ஹன்னிபல் படை கிளம்பியது ஸ்பெயினிலிருந்து என்பதை எட்டாம் வகுப்புப் பையன்களுக்கே சொல்லிக்கொடுத்தவர் அப்பா.

அதற்கப்புறம் வழிகாட்டி வேலையை அப்பாவே எடுத்துக்கொண்டார். கார்த்தேஜை உண்டாக்கியதாகக் கதையில் வரும் டைடோ ராணி கரையிறங்கி, ஒரு மாட்டுத்தோல் மூடுகிற அளவு நிலம் கேட்டாளாம். சரி என்றதும் தோலை மெல்லிய வாராக வெட்டி, குன்றையே சுற்றி வளைத்துவிட்டாளாம். பிர்சா என்றால் கிரேக்கத்தில் தோல். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். "மாட்டுத்தோலை வெட்டியே உண்டான ஊரும்மா. நம்மளை வெட்டாம விடுமா?"

அன்றைக்கு நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

அங்கிருந்து அந்தோனைன் குளியல் மண்டபம், 25 நிமிடம். கடலோரம், கி.பி. இரண்டாம் நூற்றாண்டு. இங்கே ஒரு விஷயம் தெரிந்தால்தான் பார்ப்பதில் அர்த்தம் இருக்கும். நாம் நடந்துபோவது குளியல் மண்டபத்தில் அல்ல, அதன் கீழ்த்தளத்தில். விறகும் வேலையாட்களும் இருந்த இடம். மண்டபம் நம் தலைக்கு மேலே இருந்தது. அது எவ்வளவு உயரம் என்று காட்டுவதற்காகவே ஒரு தூணை மட்டும் திருப்பி நிறுத்தியிருக்கிறார்கள், சுமார் 15 மீட்டர். இதை எங்களுக்குச் சொன்னவர் அங்கே நின்ற காவலாளி, பாதி பிரெஞ்சு, பாதி கைச்சாடை. எங்கள் ஆள் "இது குளியலறை, படம் எடுத்துக்கொள்ளுங்கள்" என்றதோடு சரி. அப்பா கடல் பக்கம் திரும்பிக் கைபேசியைத் தூக்கியதும் விசில் சத்தம். பக்கத்தில் ஜனாதிபதி மாளிகை, அந்தத் திசையில் படம் எடுக்கத் தடை. உள்ளே நுழையும்போதே சொல்லியிருக்க வேண்டிய முதல் விஷயம் அது. எழுபது வயது மனிதர் சீருடைக்காரர் முன்னால் நின்று ஒவ்வொரு படமாக அழித்துக்கொண்டிருந்தார். வழிகாட்டி வண்டிக்குப் போய்விட்டிருந்தார்.

வெளியே வந்தால் ஒருவர் உள்ளங்கையை விரித்தார். பச்சை படிந்த நாணயங்கள். "ரோமானியக் காசு, என் வயலில் கிடைத்தது." நம் ஆளும் மெதுவாக "அசல்" என்றார். அப்பா குனிந்து பார்த்துவிட்டு, "அசலா இருந்தா விமான நிலையத்துல நம்மளைப் பிடிச்சு வைப்பான். போலியா இருந்தா காசு போச்சு. எதுக்கும்மா?" என்று நகர்ந்துவிட்டார்.

பியூனிக் துறைமுகம் (ரோமானியருக்கு முந்தைய கார்த்தேஜியர்களுடையது), தோஃபெத் என்ற அவர்களுடைய பழைய இடுகாடு, நீர்த்தொட்டிகள், வில்லாக்கள் எல்லாம் "நேரமில்லை." சிதி பூ சைத்தில் வெள்ளைச் சுவரும் நீலக் கதவும் பார்க்க அரைமணி. அதிலும் ஒருவன் கேட்காமலே அப்பாவின் தோளில் ஒரு பருந்தை உட்காரவைத்துப் படமெடுத்து 20 தினார் கேட்டான். பம்பலூனி மட்டும் பிடித்தது. எண்ணெயிலிருந்து எடுத்துச் சர்க்கரையில் புரட்டித் தருவது, பெரிய மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை. ஐந்து மணிக்கு விடுதி வாசல்.

இறங்கும்போது அப்பா சீட்டைக் கேட்டு வாங்கினார். அவருக்கு எல்லாச் சீட்டையும் டைரியில் ஒட்டும் பழக்கம். அறைக்குப் போய்க் கண்ணாடி போட்டுப் பார்த்தவர் என்னைக் கூப்பிட்டார். விலை 12 தினார். ஒரே சீட்டில் கார்த்தேஜின் எல்லா இடங்களும், அன்று முழுக்க. 28 தினார் வீதம் இரண்டு பேருக்கு அடித்தது சில்லறை. அந்தச் சீட்டில் பாக்கியிருந்த இடங்களைக் கண்ணில் காட்டாமல் திரும்பியதுதான் எனக்கு ஆறவில்லை.

மறுநாள் வழிகாட்டி, கார் ஒன்றும் வேண்டாம் என்று துனிஸ் மரீன் நிலையத்தில் டி.ஜி.எம். ரயில் ஏறினோம். ஏரியின் நடுவே மண்பாதையில் லா குலெத் வழியாகப் போகும் பழைய உள்ளூர் ரயில், கட்டணம் நம் ஊர் டீக்காசு. கார்த்தேஜ் சலாம்போவில் இறங்கினால் தோஃபெத்தும் துறைமுகமும் நடக்கிற தூரம். புதுச் சீட்டு, இந்தமுறை கவுண்டரில் நானே வாங்கினேன், அதே 12 தினார். வட்டத் துறைமுகம் இன்றைக்கு வீடுகளுக்கு நடுவே ஒரு குளம் போலத்தான் இருக்கிறது. 220 போர்க்கப்பல்கள் நின்றன என்று பழங்கால வரலாற்றாசிரியர் அப்பியன் எழுதிய இடம். ஒரு பையன் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தான். அப்பா கரையில் உட்கார்ந்து எங்கே எது இருந்தது என்று விரலால் காற்றில் வரைந்துகொண்டிருந்தார். மதியம் மீட்டர் போட்ட மஞ்சள் டாக்சியில் பார்தோ. வர்ஜிலையும் பார்த்தாயிற்று.

வழிகாட்டியே கூடாது என்று சொல்லவில்லை. துனிசியாவில் உரிமம் பெற்ற வழிகாட்டிகளிடம் அரசு கொடுத்த அட்டை இருக்கும், வண்டியில் ஏறுமுன் அதைக் காட்டச் சொல்லுங்கள். எங்களுக்கு வந்தவர் ஓட்டுநர், அவ்வளவுதான். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம், எந்தக் கடைக்கும் போகக்கூடாது என்பதையெல்லாம் பணம் கட்டுவதற்கு முன் எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் விட்டுவிடுங்கள். தனி கார் என்றால் நாம் சொல்கிற இடத்துக்குப் போகும் என்று நினைத்திருந்தேன். கமிஷன் கொடுக்கிற இடத்துக்குத்தான் போனது. செயலியில் புகார் கொடுத்தேன். "பார்தோ மூடியிருந்தது எங்கள் கட்டுப்பாட்டில் இல்லை" என்று பதில் வந்தது, முன்பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

நட்சத்திரக் கதை பாக்கி. விடுதி வாசலில் கதவைத் திறப்பதற்கு முன்னால் அந்த வழிகாட்டி, இருக்கையின் பின்னால் ஒட்டியிருந்த கியூ.ஆர். அட்டையைக் காட்டி, அப்பாவின் கைபேசியை வாங்கி, ஸ்கேன் செய்து, "பாபா, ஐந்து, ஐந்து" என்று திரையைக் கண்முன் நீட்டினார். நான் மறுபக்கம் கம்பளத்தை இறக்கிக்கொண்டிருந்தேன். அப்பா அழுத்திவிட்டார். மாற்றிடலாம்ப்பா, இப்பவும் மாற்றலாம் என்று ஊருக்குப் போன பிறகும் சொல்லிப் பார்த்தேன்.

"விடும்மா. வண்டியை ஒழுங்காத்தானே ஓட்டினான்? அதுக்குப் போட்டதா இருக்கட்டும்" என்கிறார். அந்த ஐந்து நட்சத்திரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது.