கையைக் கடிக்காத பரிசு: எந்தப் பெட்டியில் தேடுவது?

பரிசு வாங்க வேண்டும் என்றதும் விரல் தானாகப் போவது கைப்பேசியில் இருக்கும் கடைச் செயலிக்குத்தான். திறந்து "நண்பருக்குப் பரிசு" என்று அடித்தால் வருவதும் மாறுவதில்லை. வாசகம் அச்சடித்த கோப்பை, பெயர் பொறித்த சாவிக்கொத்து, பளபளப்பான பெட்டிக்குள் அடுக்கிய சில்லறைச் சாமான்கள். அந்தப் பெட்டிக்கும் சேர்த்துத்தான் விலை.

குறைந்த செலவில் நல்ல பரிசு தேட இணையத்தில் வேறு வழிகளும் இருக்கின்றன. பொதுத் தேடுபொறி, விலை வரலாறு காட்டும் தளம், படத்தை வைத்துத் தேடுவது, பழைய பொருள் சந்தை, இப்போது புதிதாக ஏஐ உரையாடல். எது சிறந்தது என்று மொட்டையாகக் கேட்டால் பதில் கிடையாது. பொருளின் பெயர் உங்களுக்குத் தெரியுமா என்பதுதான் முதல் கேள்வி. தெரியும் என்றால் நேராகக் கடைக்குப் போகலாம். ஆளை மட்டும்தான் தெரியும் என்றால் கடைப் பக்கம் இப்போதைக்குப் போகாதீர்கள்.

கடைத் தேடலா, பொதுத் தேடலா?

கடையின் தேடல் பெட்டி கடைக்காரருக்காக வேலை செய்கிறது. அமேசானில் நாம் எதையும் மாற்றாவிட்டால் வருவது 'ஃபீச்சர்டு' வரிசை, அதாவது கடையே முன்னிறுத்துவது; அது விலை வரிசை அல்ல. நடுநடுவே 'ஸ்பான்சர்டு' என்று பொடி எழுத்தில் போட்ட விளம்பரங்கள் வேறு. சரி, விலை குறைந்தது முதலில் வரட்டும் என்று வரிசையை மாற்றினால் வேறு கூத்து: கேமரா தேடியவருக்கு லென்ஸ் மூடியும் தோள் பட்டையும் வந்து நிற்கும். இதற்கு எளிய மருந்து உண்டு. விலை வடிகட்டியில் அதிகபட்ச விலையை மட்டும் போடாமல் குறைந்தபட்ச விலையையும் போடுங்கள். உதிரிச் சாமான்கள் பெரும்பாலும் ஒதுங்கிவிடும்.

பொதுத் தேடுபொறியின் பலம், ஆளிலிருந்து பொருளுக்குப் போக முடிவது. நீர்வண்ண ஓவியம் வரையும் ஒருவருக்குப் பரிசு தேடுவதாக வைத்துக்கொள்வோம். "ஓவியருக்குப் பரிசு" என்று தேடினால் வண்ணத் தட்டு படம் போட்ட சட்டை வரும். ஓவியர் அதை வாங்கிக்கொண்டு சிரிப்பார், அவ்வளவுதான். 'பரிசு' என்ற சொல்லையே விட்டுவிட்டு, வெளியே உட்கார்ந்து வரைபவர்கள் எதை எடுத்துப் போகிறார்கள், எதற்குச் சலித்துக்கொள்கிறார்கள் என்று தேடிப் பாருங்கள். கொஞ்ச நேரத்தில் 'வாட்டர் பிரஷ்' என்ற பெயர் கண்ணில் படும். கைப்பிடிக்குள்ளேயே தண்ணீர் நிரப்பிக்கொள்ளும் தூரிகை அது. லேசாக அமுக்கினால் முனைக்கு நீர் இறங்கும், நிறம் மாற்ற வேண்டுமானால் அமுக்கிக்கொண்டே ஒரு துணியில் துடைத்தால் போதும். தண்ணீர்க் குவளையைத் தூக்கிக்கொண்டு அலையும் வேலை மிச்சம். ஒரு நல்ல வண்ணப் பெட்டியோடு ஒப்பிட்டால் செலவும் சின்னதுதான். பெயர் கிடைத்த பிறகு கடைக்குள் போனால் அதே தேடல் பெட்டி திடீரென்று புத்திசாலியாகிவிடும்.

இந்த வேட்டைக்குக் கூகுளில் மூன்று பழைய உத்திகள் போதும். சொற்றொடரை இரட்டை மேற்கோளுக்குள் போட்டால் அதே சொற்கள் அதே வரிசையில் உள்ள பக்கங்களைத் தேடும். வேண்டாத சொல்லுக்கு முன் இடைவெளி விடாமல் கழித்தல் குறி போட்டால் அது உள்ள பக்கங்கள் விலகும். கோப்பையும் சட்டையும் அப்படித்தான் ஒழிகின்றன. ஆங்கிலத்தில் 'சைட்' (site) என்று அடித்து, முக்காற்புள்ளி (:) வைத்து, தளத்தின் முகவரியை ஒட்டினால் அந்த ஒரு தளத்துக்குள் மட்டும் தேடும். ஓவியர்களோ தோட்டக்காரர்களோ கூடிப் பேசும் தளம் ஒன்று தெரிந்தால் மூன்றாவதுதான் தங்கம்.

பொதுத் தேடலின் பெரிய தொல்லை "சிறந்த 50 பரிசுகள்" வகைப் பக்கங்கள். அவற்றில் பல, இணைப்பைச் சொடுக்கி நாம் வாங்கினால் எழுதியவருக்குத் தரகு கிடைக்கும் ஏற்பாட்டில் ஓடுபவை. அதனாலேயே பொய் என்று சொல்ல வரவில்லை. ஆனால் விலை குறைந்த பொருளைத் தேடிக் கொடுக்க அவர்களுக்கு என்ன அவசரம்?

கூகுளின் ஷாப்பிங் பகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2002-இல் 'ஃபுரூகிள்' என்ற பெயரில் தொடங்கியது. 2012-இல் காசு கொடுக்கும் கடைகளுக்கு மட்டும் என்று மாறி, 2020-இல் மறுபடி இலவசப் பட்டியலையும் சேர்த்துக்கொண்டது. பல கடைகளின் விலையை ஒரே திரையில் பார்க்க வசதிதான். ஆனாலும் விளம்பரங்கள் இன்னும் உண்டு, எல்லாக் கடைகளும் அதில் இல்லை. அங்கே தெரிவதே சந்தை விலை என்று முடிவு கட்ட வேண்டாம்.

தள்ளுபடியை நம்பலாமா?

இங்கே விலை வரலாற்றுத் தளங்களுக்குப் போட்டியே இல்லை. கேமல்கேமல்கேமல், கீப்பா இரண்டும் அமேசான் பொருட்களின் பழைய விலைகளை வரைபடமாகக் காட்டுபவை. கடைப் பக்கத்தில் கோடு போட்டு அடித்த பழைய விலைக்கு அருகே சிவப்பில் "40% தள்ளுபடி" என்று இருக்கும். வரைபடத்தைத் திறந்தால் அந்தப் பழைய விலைக்குப் பொருள் விற்றதே அபூர்வம் என்று தெரியவரலாம். இந்த வித்தை உலகறிந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் விலைக் குறைப்பை அறிவிக்கும் கடை, அதற்கு முந்தைய 30 நாட்களில் இருந்த மிகக் குறைந்த விலையையே பழைய விலையாகக் காட்ட வேண்டும் என்று விதியே போட்டு, 2022 மே முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள்.

நாம் நினைக்கும் விலைக்கு இறங்கினால் மின்னஞ்சல் அனுப்பும் வசதியும் இந்தத் தளங்களில் உண்டு. குறை என்னவென்றால் இவை ஒரே கடையைத்தான் பார்க்கின்றன, காத்திருக்க நாளும் வேண்டும். பிறந்தநாள் எப்போது வரும் என்பது ஒரு வருடம் முன்பே தெரியும் என்பதால் இது நொண்டிச் சாக்கு என்று யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

படத் தேடல் வேறு ரகம். பிராண்ட் இல்லாத பொருளுக்கு அதை விஞ்ச ஆள் இல்லை. நிலவைப் போன்ற மேடு பள்ளங்களோடு வரும் உருண்டை விளக்கைப் பார்த்திருப்பீர்கள். ஒரே புகைப்படம் பல பெயர்களில், பல விலைகளில் விற்பனைக்கு இருக்கும். படத்தைக் கூகுள் லென்ஸிலோ டின்ஐ (TinEye) தளத்திலோ போட்டால் அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று வந்துவிடும். மலிவானதைச் சொடுக்கும் முன் விட்டத்தைப் பாருங்கள். படத்தில் மடி நிறைய உட்கார்ந்திருப்பது, விவரப் பட்டியலில் 8 சென்டிமீட்டராக இருக்கலாம். ஒரு ஆரஞ்சுப் பழ அளவு, அவ்வளவே.

பழைய பொருள் சந்தையைப் பரிசுக்கு நினைக்கவே பலருக்குக் கூச்சம். புத்தகம், இசைத்தட்டு, கைவிட்டுப்போன பலகை விளையாட்டு போன்றவற்றுக்கு எனக்கு அந்தக் கூச்சம் இல்லை. புத்தகத்தைப் பெயரால் தேடாமல், ஒவ்வொரு பதிப்புக்கும் தனியாகத் தரப்படும் ஐஎஸ்பிஎன் எண்ணால் தேடினால் அதே பதிப்பு கிடைக்கும். 2007 முதல் அது 13 இலக்கம், பழைய புத்தகங்களில் 10 இலக்கம். ஈபே சந்தையில் விற்பவர்கள் ஆசைப்பட்டுக் கேட்கும் விலையைப் பார்க்காமல் 'விற்றவை' வடிகட்டியைப் போட்டால் உண்மையில் என்ன விலைக்குக் கைமாறியது என்று தெரியும். பேரம் பேசவும் அதுவே ஆதாரம்.

ஏஐ உரையாடலுக்கு நான் கொடுக்கும் இடம் சின்னது. ஆளின் குணம், பழக்கம், கையில் இருக்கும் தொகை எல்லாம் சொன்னால் பொருள்களின் பெயர்களை அள்ளிக் கொடுக்கும். தொடக்கத்துக்கு அது நல்லதுதான். விலையையும் இருப்பையும் அதனிடம் கேட்டு நம்ப வேண்டாம். இல்லாத மாடலைக்கூட இருப்பதுபோல் சொல்லிவிடும்.

மலிவாக வாங்கினால் குறைவாக நினைப்பார்களோ என்று தயங்குபவர்களுக்கு ஒன்று. பிரான்சிஸ் ஃபிளின், கேப்ரியேல் ஆடம்ஸ் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், விலை கூடினால் பாராட்டும் கூடும் என்று எதிர்பார்த்தது கொடுத்தவர்கள்தான். வாங்கியவர்களின் மகிழ்ச்சியில் அந்தத் தொடர்பு தென்படவில்லை.

கடைசியாக, எந்த வழியில் கண்டுபிடித்தாலும் பணம் கட்டும் பக்கம்வரை போய், அனுப்பும் கட்டணம் சேர்ந்த மொத்தத்தைப் பார்த்த பிறகே இரண்டு கடைகளை ஒப்பிடுங்கள். திருப்பி அனுப்பும் கெடுவையும் பாருங்கள். விலை இறங்கியதென்று மூன்று மாதம் முன்பே வாங்கி வைத்து, பரிசைப் பிரிக்கும் நாளில் அளவு சேரவில்லை என்றால் கெடு எப்போதோ முடிந்திருக்கும். உடை, செருப்பு போன்றவற்றைக் கடைசி வாரங்களுக்கு ஒத்திப்போட்டுவிட்டு, அளவுப் பிரச்சினை இல்லாதவற்றை மட்டும் முன்கூட்டி வாங்கி வைக்கலாம்.