நியோ ஜியோ கார்ட்ரிட்ஜ் வாங்கப் போகிறீர்களா? முதலில் இதைப் படியுங்கள்

போலி கார்ட்ரிட்ஜ் ஒன்றை வாங்கி 1,80,000 யென் போச்சு. ஜப்பானில் வேலை பார்த்துக்கொண்டே பழைய கேம் சேர்க்கிற நம்ம ஆட்கள் சிலர் இங்கே இருக்கிறீர்கள், அதனால்தான் சூடு ஆறுவதற்குள் எழுதுகிறேன்.

வாங்கியது மெட்டல் ஸ்லக், 1996இல் வந்த கேம், வீட்டு மெஷினுக்கான ஏஇஎஸ் கார்ட்ரிட்ஜ். நியோ ஜியோ என்பது எஸ்என்கே என்ற ஜப்பானிய நிறுவனத்தின் கேம் மெஷின். 1990இல் கிட்டத்தட்ட ஒரே ஹார்ட்வேரை இரண்டாக இறக்கியது. காசு போட்டு விளையாடும் ஆர்கேடுக்கு எம்விஎஸ், வீட்டுக்கு ஏஇஎஸ். கேம் ஒன்றுதான், ஆனால் இதன் கார்ட்ரிட்ஜ் அதில் பொருந்தாது. மெட்டல் ஸ்லக் எம்விஎஸ்ஸில் தாராளமாகக் கிடைக்கும், ஏஇஎஸ்ஸில் அபூர்வம், அதனால் விலையும் அதிகம். அந்த விலை வித்தியாசத்தில்தான் போலிக்காரன் பிழைக்கிறான்.

பழைய பொருள் விற்கும் ஒரு மொபைல் ஆப்பில்தான் அந்த ஆளைப் பிடித்தேன். என்ன பணிவு! பெட்டி, கையேடு எல்லாவற்றுக்கும் படம் போட்டிருந்தார். உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டையும் காட்டுங்கள் என்றதற்கு, "திறந்தால் மதிப்புப் போய்விடும், உங்களைப் போல சேகரிப்பவருக்கு நான் சொல்ல வேண்டுமா" என்றார். அதில் விழுந்தேன். பார்சல் வந்தது, மெஷினில் போட்டேன், நன்றாகவே ஓடியது. பொருள் கிடைத்தது என்று நான் அழுத்தினால்தான் அவர் கைக்குப் பணம் போகும், சீக்கிரம் அழுத்துங்கள் என்று மெசேஜ் மேல் மெசேஜ். அழுத்தினேன்.

அப்புறம்தான் லேபிளின் நிறம் உறுத்தியது. திறந்தால் உள்ளே எஸ்என்கே பெயரே இல்லாத புத்தம் புது போர்டு. அசலில் நியோ-ஏஇஜி என்று அச்சிட்டிருக்கும், சிப்களில் இந்த கேமின் எண் 201 இருக்கும். இதில் ரெண்டும் கிடையாது.

விற்றவர், "படத்தில் உள்ளதைத்தான் அனுப்பினேன், நோ க்ளெய்ம் நோ ரிட்டர்ன் என்று போட்டிருந்தேனே" என்று சொல்லிவிட்டு பிளாக் செய்துவிட்டார். ஆப்காரர்களோ, பரிவர்த்தனை முடிந்துவிட்டது, நீங்களே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்கிறார்கள். எப்படிப் பேசுவது, பிளாக் செய்துவிட்டாரே என்றால், தயாரித்த நிறுவனத்திடமிருந்து இது போலி என்று கடிதம் வாங்கி வாருங்களாம். 1,80,000 யென்னுக்கு மரியாதையான ஜப்பானிய மொழியில் ஒரு மன்னிப்பு, அவ்வளவுதான்.

எப்படிப் பார்த்து வாங்குவது என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. போர்டு படம் தராதவரிடம் வாங்காதீர்கள். திறந்து பார்க்கும்வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். ஓடுகிறதே என்று நம்பாதீர்கள், போலியும் நன்றாகவே ஓடும்.