பலகாரக் கடைக்கு ஒரு குட்டி சர்வர்: மும்பையா, பெங்களூரா, சிங்கப்பூரா?

காரைக்குடி செக்காலை ரோட்டுப் பக்கம் ஓர் ஆச்சி பலகாரக் கடை வைத்திருக்கிறார். தேன்குழல், மனகோலம், சீப்புச் சீடை, அதிரசம். ஆர்டர் எடுக்கும் வலைத்தளத்தை மூன்று வருடமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன். சாதாரண நாளில் இருபது முப்பது ஆர்டர். தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் நூற்றைத் தாண்டும். தளத்தை நடத்த ஒரு வேர்ட்பிரஸ், ஆர்டர் விவரங்களைச் சேமிக்கப் பின்னால் ஒரு மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம், அவ்வளவுதான்.

தளம் ஓடுவது விபிஎஸ்ஸில், அதாவது ஒரு பெரிய கணினியில் வாடகைக்கு எடுத்த தனிப் பங்கில். அது என்ன என்று ஆச்சி கேட்டபோது கிட்டங்கியைச் சொன்னேன். சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்ட்ரீட்டில் ஒரே கூடத்தில் பல செட்டியார்கள் ஆளுக்கொரு பெட்டியோடு உட்கார்ந்து தொழில் செய்தார்களே, அதே மாதிரிதான். கூரை ஒன்று, கணக்கு தனித்தனி. உடனே பிடிபட்டுவிட்டது. அடுத்த கேள்வி, "வாடகை எவ்வளவு தம்பி?"

வாடகையைப் பார்த்துத்தான் முதலில் ஏமாந்தேன். இங்கே நான் ஒப்பிடப்போகும் மூன்றில் சேராத வேறொரு வெளிநாட்டு நிறுவனத்தில் சர்வர் எடுத்திருந்தேன். தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு கார்டில் பணம் போகவில்லை. எச்சரிக்கை மெயில் ஸ்பாமில் கிடந்தது. காலையில் ஆச்சியின் போன்: "ஏன் தம்பி, சிங்கப்பூர்லேர்ந்து பிள்ளை கூப்பிட்டுச் சொல்றான், நம்ம கடை பூட்டிக் கிடக்காமே?" ஒன்றரை நாள் ஆர்டர் போயிற்று. தப்பில் பாதி என்னுடையது, மெயிலைப் பார்த்திருக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் ஒழுங்காக உட்கார்ந்து ஒப்பிட்டேன்.

வேகத்தில் பெரிய சண்டை இல்லை. பெங்களூரில் டிஜிட்டல் ஓஷன், மும்பையில் அமேசானின் லைட்செயில், 2024-இல் சிங்கப்பூரில் கால்வைத்த ஹெட்ஸ்னர், மூன்றில் எதில் வைத்தாலும் அதிரசப் படம் திறக்கும் நேரத்தில் ஆச்சியின் வாடிக்கையாளருக்கு வித்தியாசம் தெரியாது. ஐரோப்பாவில் வைத்தால்தான் தெரியும். ஹெட்ஸ்னரை ஒரு மாதம்தான் ஓட்டிப் பார்த்தேன், அதனால் அதைப் பற்றி அதிகம் பேச எனக்குத் தகுதியில்லை. கொடுக்கிற காசுக்கு இயந்திரம் தாராளம். ஆனால் ஐரோப்பாவில் தரும் 20 டிபி டேட்டா (மாதத்துக்கு சர்வர் அனுப்பக்கூடிய அளவு) சிங்கப்பூரில் கிடையாது, அதைவிட மிகக் குறைவு. பில்லும் யூரோவில்.

மிச்சம் இரண்டு. டிஜிட்டல் ஓஷனில் 1 ஜிபி ரேம், 25 ஜிபி டிஸ்க், 1 டிபி டேட்டா, மாதம் 6 டாலர். லைட்செயிலில் 1 ஜிபி ரேம், 40 ஜிபி டிஸ்க், 7 டாலர். மற்ற ஊர்களில் இதற்கு 2 டிபி டேட்டா. மும்பையில் அதில் பாதிதான், சின்ன எழுத்தில் இருக்கும். இந்தக் கடைக்கு 1 டிபி தாராளம். ஆனால் வீடியோ, பெரிய ஃபைல் என்று டேட்டா எல்லை தாண்டுகிறவர் பெங்களூருக்கே போகட்டும்: அங்கே கூடுதல் ஜிபிக்கு ஒரு சென்ட், லைட்செயிலில் அதைப் போலப் பல மடங்கு.

சரி, முழு வாடகையைப் போடுவோம். பேக்கப் இல்லாமல் சர்வர் எடுப்பது பூட்டில்லாத பெட்டி வாங்குவது மாதிரி. டிஜிட்டல் ஓஷனில் வாரப் பேக்கப்புக்கு 20 சதவீதம், ஆக 7.20 டாலர். என் கார்டு அந்நியச் செலாவணிக்கு மூன்றரை சதவீதம் பிடிக்கும், அதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு. சேர்த்தால் 7.50. லைட்செயிலில் ஸ்னாப்ஷாட்டுக்கு, அதாவது சர்வரின் முழு நகலுக்கு, ஜிபிக்கு 5 சென்ட். எங்களுக்கு ஏறக்குறைய 12 ஜிபி, ஆக 7.60. வித்தியாசம் பத்து சென்ட். இதற்கா இவ்வளவு கணக்கு என்று எனக்கே சிரிப்பு வந்தது.

ஆனால் சர்வர் வாடகைக்கு மேல் வரும் 18 சதவீத ஜி.எஸ்.டி. எப்படிப் போகிறது என்பதில்தான் நான் மும்பைப் பக்கம் சாய்ந்தேன். கடைக்கு ஜி.எஸ்.டி. எண் இருக்கிறது. வெளிநாட்டு நிறுவனத்தில் அந்த எண்ணைக் கொடுத்தால் அவர்கள் வரி பிடிக்க மாட்டார்கள். ரிவர்ஸ் சார்ஜ் முறையில் கடையே வரியைக் கணக்கிட்டு, ரொக்கமாகக் கட்டி, பிறகு கிரெடிட்டாக எடுக்க வேண்டும், அதாவது கடை கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ள வேண்டும். நூறு ரூபாய்ச் சொச்ச வரிக்காக மாதாமாதம் ஆடிட்டர் தனியாக ஒரு பதிவு எழுத வேண்டும். "இந்த ஒண்ணுக்காக என்னை உக்கார வைக்கிறியே" என்று அவர் புலம்பியது நியாயம்தான். அமேசானின் இந்திய நிறுவனம் இங்கேயே வரி பில் போடுகிறது. அது தானாக ஜிஎஸ்டிஆர்-2பி என்ற கொள்முதல் வரிப் பட்டியலில் வந்து நிற்கும், கிரெடிட் எடுத்துக்கொள்ளலாம். ரூபாயில் கட்டலாம், நெட் பேங்கிங் இருக்கிறது. கார்டிலிருந்து மாதாமாதம் தானாகப் பணம் பிடிப்பது பற்றிய ரிசர்வ் வங்கி விதி 2021 அக்டோபரில் வந்ததிலிருந்து வெளிநாட்டு நிறுவனங்களுக்குப் பல கார்டுகள் முரண்டு பிடிக்கின்றன. என் ஒன்றரை நாள் போனதும் அந்த வகையில்தான். ஜி.எஸ்.டி. எண் இல்லாத, சொந்தப் பிளாக் நடத்துகிறவருக்கு இந்தப் பத்தியே தேவையில்லை, எங்கே எடுத்தாலும் 18 சதவீதம் செலவுதான்.

லைட்செயிலில் இரண்டு குறை பார்த்தேன். சின்ன பிளான்களில் பிராசசரைத் தொடர்ந்து முழு வேகத்தில் ஓட்ட முடியாது. சும்மா இருக்கும் நேரத்தில் சேமித்த பலம் தீர்ந்தால் சோர்ந்துவிடும். போன ஐப்பசியில் ஒரு மாலை, மொத்தப் படங்களையும் நான் சுருக்க உட்கார்ந்தபோது அப்படித்தான் படுத்தது. மைஎஸ்க்யூஎல்லும் ரேம் பற்றாமல் செத்தது, டிஸ்க்கில் 2 ஜிபியை ரேமுக்குத் துணையாக (ஸ்வாப்) ஒதுக்கிய பிறகு அந்தத் தொல்லை இல்லை.

இன்னொன்று பருவ வியாபாரிக்கு முக்கியம். டிஜிட்டல் ஓஷனில் டிஸ்க்கைத் தொடாமல் ரேமை மட்டும் ஏற்றி, தீபாவளி முடிந்ததும் இறக்கிவிடலாம். லைட்செயிலில் ஸ்னாப்ஷாட் எடுத்துப் பெரிய பிளானுக்கு ஏறலாம். ஏறியதைச் சின்ன பிளானுக்கு இறக்க விடாது. இந்த வருடம் 2 ஜிபிக்கு ஏறினால் 12 டாலர், அப்புறம் தை மாதமும் 12 டாலர்தான். ஆச்சியிடம் சொன்னேன். "பொங்கலுக்கும் முறுக்கு போகும் தம்பி, ஏத்து" என்றார். இன்னும் ஏற்றவில்லை, புரட்டாசி பிறக்கட்டும் என்று பார்க்கிறேன்.