சென்டினல்-1 தரவோடு ஆறு வருடம்: அசையாத புள்ளி எங்கே?

வீட்டுச் சுவரில் விரிசல் கண்ட நண்பர் போன வாரம் கேட்டார்: "நீதான் எந்நேரமும் செயற்கைக்கோள் தரவோடு மல்லுக்கட்டுகிறாயே, எங்கள் தெரு இறங்குகிறதா என்று பார்த்துச் சொல்லேன்." சரி என்று உடனே சொல்லிவிட்டேன். அப்புறம்தான் ஏன் சொன்னோம் என்று இருந்தது.

நான் மல்லுக்கட்டுவது சென்டினல்-1 என்ற ஐரோப்பிய ரேடார் செயற்கைக்கோள்களின் தரவோடு. 5.6 செ.மீ. அலைநீள ரேடார், ஒரு கோள் 12 நாளுக்கு ஒருமுறை அதே பாதையில் வரும், தரவு இலவசம்: இதெல்லாம் தெரிந்த கதை. பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. நிலம் எவ்வளவு இறங்கியது என்று இந்தத் தரவு சொல்வதே இல்லை. படத்தில் உள்ள இன்னொரு புள்ளியோடு ஒப்பிட்டால் இந்த இடம் எவ்வளவு நகர்ந்தது என்றுதான் சொல்லும். அந்த இன்னொரு புள்ளியை நாம் காட்ட வேண்டும். அது அசையக் கூடாது.

நான் முதலில் காட்டியது ஒரு பழைய கான்கிரீட் கட்டடம். ரேடாருக்குப் பளிச்சென்று தெரியும், கோஹெரன்ஸ் (படத்துக்குப் படம் சிக்னல் ஒத்துப்போவது) அருமை. ஒன்றரை வருடத் தரவை அடுக்கிப் பார்த்தால் சுற்றுவட்டாரம் முழுக்க மெல்ல எழும்பிக்கொண்டே போகிறது. நிலத்தடி நீர் மீண்டு வருகிறது, அதனால் மண் உப்புகிறது என்று நானே கதை கட்டி, வண்ணப் படத்தோடு விளக்கமும் கொடுத்தேன். பிறகு தரையில் லெவலிங் எடுத்து, அதாவது கருவி வைத்து உயரத்தை அளந்து பார்த்தவர்கள் வந்து சொன்னார்கள்: சுற்றுவட்டாரம் எழும்பவில்லை, உங்கள் கட்டடம்தான் இறங்குகிறது. ஆபத்தில் இருந்த ஒரே இடத்தைப் பூஜ்யம் என்று குறித்து வைத்திருந்திருக்கிறேன். தவறு என்னுடையதுதான். ஆனால் மென்பொருள் ஒரு வார்த்தை எச்சரித்திருக்கலாம் என்ற கோபம் இன்னும் போகவில்லை.

ஆண்டுக்கு அரை மீட்டர் வரை அமிழும் பகுதிகள் மெக்சிகோ நகரத்தில் இருக்கின்றன. அங்கே இந்தப் பிசகு கணக்கிலேயே வராது. மில்லிமீட்டர் தேடுபவர்களுக்குத்தான் தலைவலி. ஐரோப்பாவில் இருப்பவர்கள் பாக்கியசாலிகள்: ஐரோப்பிய ஒன்றியத்தின் புவி கண்காணிப்புத் திட்டமான கோபர்நிகஸ், ஜிஎன்எஸ்எஸ் (ஜிபிஎஸ் போன்றவை) நிலையங்களோடு பொருத்திய தரைநகர்வு வரைபடத்தையே இலவசமாகத் தருகிறது. நான் இப்போது பாறைமேல் உள்ள மூன்று புள்ளிகளை வைத்துத் தனித்தனியாகக் கணக்கை ஓட்டுகிறேன். மூன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறு பதில் சொல்லும்.

மற்ற குறைகள் பழகிவிட்டன. காற்றின் ஈரப்பதம் மாறினால் இல்லாத பள்ளத்தைக் காட்டும்; வயலும் காடும் வெறும் இரைச்சல்; இந்தத் தரவை அலசும் ஸ்நாப் மென்பொருள் கணினி நினைவகத்தை விழுங்கும். 1ஏ, 1பி என்று இரண்டு கோள்கள் மாறி மாறி வந்துகொண்டிருந்தன; 2021 டிசம்பரில் 1பி மின்பழுதால் ஓய்ந்து, பல இடங்களில் 6 நாள் இடைவெளி 12 ஆனபோதுதான் நிஜமாகவே வயிற்றெரிச்சல். 2024 டிசம்பரில் அடுத்த கோளான 1சி ஏவப்படும் வரை அது ஆறவில்லை.

இவ்வளவு திட்டியும் விடாமல் இருப்பதற்குக் காரணம் பழைய படங்கள். ஒரு தடுப்புச் சுவரில் வெடிப்பு விட்டபோது முந்தைய ஆண்டுகளின் தரவை எடுத்து ஓட்டினேன். வெடிப்பு கண்ணில் படுவதற்கு மூன்று வருடம் முன்பிருந்தே பின்னால் இருந்த சரிவு நகர்ந்துகொண்டிருந்தது. இன்று தரையில் பொருத்தும் எந்தக் கருவியும் நேற்றை அளக்காது. இதுவோ, யாரும் கேட்பதற்கு முன்பே, 2014 முதல் எடுத்து வைத்திருக்கிறது. அன்று அந்தச் சுவருக்குக் கீழே நடமாட்டத்தை நிறுத்தியது அந்த வரைபடத்தைப் பார்த்துத்தான்.

நண்பருக்கு என்ன சொன்னேன் என்றால், இது உனக்கு வேண்டாம். ஒரு பிக்சல் ஏறக்குறைய 5க்கு 20 மீட்டர்; உன் வீடும் பக்கத்து வீடும் அதில் ஒன்றாகிவிடும். விரிசலுக்குக் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டித் தேதி எழுதி வை, உடைந்தால் கட்டடப் பொறியாளரைக் கூப்பிடு. அவருக்கு முகம் வாடிவிட்டது. ஏதோ பெரிதாக எதிர்பார்த்திருப்பார்.

அவர் தெருவுக்கான படங்கள் நேற்றிரவு முதல் இறங்கிக்கொண்டிருக்கின்றன. 2017 வரை வந்துவிட்டது. ஒப்பீட்டுப் புள்ளிதான் இன்னும் அமையவில்லை.